கறையான் இறைச்சியா?

கடந்த ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, தரம் 9 மாணவியர் இருவரை அழைத்துக்கொண்டு வட்டுக்கோட்டையில் இருக்கும் என் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தேன். விஞ்ஞானச் செயற்றிட்டத்துக்காக வீட்டுத் தோட்டத்துப் பூச்சிகளைப் பார்த்துக் குறிப்பெடுக்க வேண்டியிருந்தது. கந்தசஷ்டி விரத நாள்கள். வீட்டில் மச்சம் இல்லை. எங்களுக்கும் பூசணிக்காய்க் கறியும் பருப்பும்தான்.

மழை விட்டு வெயில் எறித்த நேரம். சிநேகிதியின் மாமியார் பழைய கிடுகு வேலியின் அடியில் பிடித்திருந்த கறையானை மண்ணோடு பெயர்த்துக்கொண்டு வந்து முற்றத்தில் தட்டினார். தாய்க்கோழி கொக்கரித்துக் குஞ்சுகளைக் கூப்பிட்டது. கண்மூடித் திறப்பதற்குள் வெள்ளை வெள்ளையாய் நெளிந்தவை எல்லாம் காணாமற் போயின. பக்கத்தில் நின்ற ஏழு வயதுப் பேத்தி கேட்டாள்: "அப்பம்மா, கோழிக்கு விரதமில்லையோ? இண்டைக்கும் மச்சம் தின்னுது!"

"அது பூச்சியடி பிள்ளை. மச்சமில்லை," என்றார் அப்பம்மா.

என்னுடன் வந்த மாணவி ஒருத்தி என் காதருகே வந்து வேறொன்றைக் கேட்டாள். "டீச்சர், பூச்சியும் விலங்குதானே? அப்ப கோழி ஊனுண்ணி. ஊனுண்ணி எங்களுக்கு ஆகாதே?"

ஒரே கோழி, ஒரே கறையான், இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் அந்த இடத்திலேயே ஒற்றை வரியில் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. வீடு வந்து யோசித்ததையும் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அப்பம்மாவின் பதில். யாழ்ப்பாணத்தில் மச்சம் என்ற சொல் மீனைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. ஆனால் இன்று அது மீன், இறைச்சி, முட்டை எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர். சைவம் எதுவோ அதுவல்லாதது மச்சம். எங்கள் வீடுகளில் இறைச்சி என்றால் ஆடு, மாடு, கோழி மட்டும்தான். "இண்டைக்கு மீனா இறைச்சியா?" என்று கேட்கிறோம். மீனை இறைச்சி என்று யாரும் சொல்வதில்லை. மீனுக்கும் தசை உண்டு, எலும்பு உண்டு, இரத்தம் உண்டு. இருந்தும் அது இறைச்சியில் சேரவில்லை. ஆகவே இறைச்சி, மச்சம் என்பவை விலங்கின் உடம்பைப் பார்த்து வைத்த பெயர்களல்ல, சட்டியில் என்ன வேகிறது என்பதைப் பார்த்து வைத்த பெயர்கள். கறையான் நம் சட்டிக்கு வருவதில்லை. அதனால் சமையலறையில் அதற்குப் பெயரும் இல்லை. அப்பம்மா சொன்னது பிழையே இல்லை.

எல்லாத் தமிழர் சட்டியும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். புறநானூற்றில் பாரியின் பறம்பு நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய 119ஆம் பாட்டில், மழைக்காலத்துச் செம்புற்றிலிருந்து எடுத்த ஈயலை மோரோடு சேர்த்துச் சமைத்த உணவு வருகிறது. ஈயல் என்பது நாம் ஈசல் என்று சொல்லும் சிறகு முளைத்த கறையான்தான். தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்றும் ஈசலை வறுத்துப் பொரியோடு தின்பவர்கள் இருக்கிறார்கள். உலக உணவு விவசாய நிறுவனம் 2013இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 1,900க்கும் மேற்பட்ட பூச்சியினங்கள் உணவாகப் பயன்படுகின்றன என்கிறது. பறம்பு மலையில் அன்று ஒரு சிறுமி அப்பம்மாவிடம் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கலாம்.

இனி மாணவியின் கேள்வி. அவளைக் குழப்பியது பாதி உயிரியல், பாதி ஒரு சொல்.

விலங்குகளை உணவுப்படி தாவரவுண்ணி, ஊனுண்ணி, அனைத்துமுண்ணி என்று கீழ்வகுப்பிலேயே பிரிக்கிறோம். இதில் ஊனுண்ணி என்ற சொல் சிக்கலானது. ஊன் என்றவுடன் பிள்ளையின் மனதில் சிவப்பாக வெட்டி வைத்த இறைச்சி வந்து நிற்கும். அதே கருத்துக்குச் சில நூல்களில் விலங்குண்ணி என்று இருக்கும். அது திருத்தமானது, ஏனென்றால் இங்கே கேட்கப்படுவது தின்னப்பட்டது தாவரமா விலங்கா என்பது மட்டுமே. தசையா, இரத்தமா, முட்டையா, புழுவா என்பது கேள்வியில்லை. ஆனால் விலங்குண்ணி என்றால் இன்னொரு பிள்ளை, "பூச்சி விலங்கா? விலங்கு என்றால் நாலு கால் இருக்க வேண்டுமே" என்பாள். ஆய்வுகூடத்துச் சொல்லையும் வீட்டுச் சொல்லையும் ஒன்றாக வைத்திருப்பதால் வரும் தொல்லை இது.

இந்தத் தொல்லை வட்டுக்கோட்டைக்குப் புதிதல்ல. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே தொடங்கிய செமினரி 1855 வரை நடந்தது. பின்னர் 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி வந்தது. 1847இல் இலங்கைக்கு வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் முதலில் தங்கியதும் வட்டுக்கோட்டையில்தான். பிறகு மானிப்பாய்க்குப் போய், தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, உடற்கூறு, பிரசவ வைத்தியம் போன்றவற்றில் மேலைநாட்டு நூல்களைத் தமிழாக்கினார். புது அறிவுக்குப் பழைய சொல்லை எடுத்தால் பழைய பொருளும் ஒட்டிக்கொண்டு வரும், புதிதாகச் சொல் ஆக்கினால் யாருக்கும் விளங்காது. அவர்கள் மேசையில் இருந்த அந்தச் சங்கடம்தான் சிநேகிதி வீட்டு முற்றத்துக்கும் வந்தது.

உயிரியலின்படி பூச்சி தின்பது விலங்கு தின்பதே. பூச்சியுண்ணி என்பது விலங்குண்ணிக்குள் அடங்கும் ஒரு சிறு பிரிவு. சுவரில் ஓடும் பல்லி, கறையானும் எறும்பும் தவிர வேறெதுவும் தின்னாத அழுங்கு எல்லாம் அதில் சேரும். அழுங்குக்குப் பல்லே கிடையாது. நீண்ட பசை நாக்கால் நக்கி எடுத்துவிடும். கோழியோ நெல்லும் தின்னும், புல்லும் தின்னும், கறையானும் தின்னும். அது அனைத்துமுண்ணி. பரீட்சைக்கு இவ்வளவு போதும். வேலிக் கிடுகைத் தின்ற கறையான் மட்டும், பாவம், சுத்த சைவம்!

ஆனால் வன விலங்குகளிடம் போனால் இந்த மூன்று பெட்டியும் கொள்ளாது. எங்கள் பனங்கூடல்களில் இரவில் நடமாடும் மரநாயை எடுத்துக்கொள்ளுங்கள். பனம்பழம் தின்னும், முட்டியில் இருக்கும் கள்ளையும் குடித்துவிடும் என்பார்கள் சீவல் தொழிலாளர். விலங்கியலில் அது கானிவோரா என்ற வருணத்தைச் சேர்ந்தது. அந்தப் பெயருக்கே ஊன் தின்பவை என்றுதான் பொருள். வன்னிக் காட்டுக் கரடியும் அதே வருணம். அதன் முக்கிய உணவு கறையானும் பழங்களும். பாலைப்பழக் காலத்தில் மரமேறித் தின்னும். மேல்தாடை முன்பற்களில் நடு இரண்டும் அதற்கு இல்லை. அந்த இடைவெளியால் புற்றிலிருந்து கறையானை உறிஞ்சி இழுத்துக்கொள்ளும். சீனத்துப் பண்டாவும் இதே வருணத்தில் இருந்துகொண்டு மூங்கில் தின்கிறது. கானிவோரா என்பது உறவுமுறையின் பெயர், ஊனுண்ணி என்பது பழக்கத்தின் பெயர். மீன்காரர் என்று பட்டப்பெயர் உள்ள குடும்பத்தில் எல்லாரும் மீன் விற்பதில்லை, அதைப் போல.

ஒருகாலத்தில் பூச்சி தின்னும் சிறு பாலூட்டிகளை எல்லாம் இன்செக்ரிவோரா என்று ஒரே வருணமாக வைத்திருந்தார்கள். பரம்பரையலகுகளைப் பார்க்கும் காலம் வந்ததும் அந்த வருணம் கலைந்துபோயிற்று. முள்ளெலியும் மூஞ்சூறும் ஒரு பக்கம் நிற்க, மடகஸ்கார் தீவில் முள்ளெலி போலவே தோற்றமளிக்கும் டென்ரெக் யானையின் பக்கத்து உறவாக வந்து நின்றது. பழக்கத்தைப் பார்த்து உறவைச் சொன்னதால் வந்த பிழை.

இன்னொரு செய்தி என்னை வியக்க வைத்தது. பூச்சியின் புறவோடு கைற்றின் என்ற கடினமான பொருளால் ஆனது. அதைச் செரிக்கத் தனி நொதியம் வேண்டும். பாலூட்டிகளில் அந்த நொதியத்துக்கான பரம்பரையலகுகளை ஆராய்ந்து 2018இல் ஒரு ஆய்வு வெளியானது. இன்றைய பெரும்பாலான பாலூட்டிகளின் மூதாதைக்கு, அதாவது டைனோசர் காலத்துச் சிறு பிராணிக்கு, அவ்வகைப் பரம்பரையலகுகள் குறைந்தது ஐந்து இருந்தன என்பது அதன் முடிவு. பூச்சியையே நம்பி வாழும் உயிர்களில் அவை இன்றும் வேலை செய்கின்றன. மனிதரில் ஒன்று மட்டும் வேலை செய்கிறது, மற்றவற்றின் சிதைந்த எச்சங்கள் நம் உடம்பில் கிடக்கின்றன. கறையானைப் பார்த்து முகம் சுளிக்கும் நம் எல்லாருக்குள்ளும் ஒரு பழைய பூச்சியுண்ணியின் அடையாளம் இருக்கிறது.

மாணவியின் கேள்வியில் இரண்டாம் பாதி, ஊனுண்ணி என்றால் ஆகாதா என்பது. இதைப் பலர் வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன்: புல் தின்பது ஹலால், இறைச்சி தின்பது ஹராம் என்று. சுலபமாக ஞாபகத்தில் நிற்கும், ஆனால் விதி அப்படியில்லை. கோரைப்பல் கொண்டு வேட்டையாடும் மிருகங்களையும், கூர்நகம் கொண்டு பிடிக்கும் பறவைகளையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது ஹதீஸில் வருவது. அங்கே பார்க்கப்படுவது வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதல்ல, எதைக் கொண்டு பிடிக்கிறது என்பது. கோழிக்கு வேட்டைநகம் இல்லை. நபியவர்கள் கோழி இறைச்சி உண்டதும் ஹதீஸில் பதிவாகியிருக்கிறது. மறுபக்கம் மன்னார்த் தெருக்களில் திரியும் கழுதையைப் பாருங்கள். புல்லும் இலையும்தான் தின்னும், ஆனால் நாட்டுக்கழுதை ஹராம். சிறு மீன்களை விழுங்கி வளரும் சுறா நம் வீட்டில் வறையாகிறது. ஷாபிஈ மத்ஹபில் கழுதைப்புலியும் நரியும்கூட ஆகுமானவை என்று சொன்னால் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்! கோழி தின்னும் உணவைப் பற்றி பிக்ஹு கவலைப்படுவது ஒரே இடத்தில்தான். அசுத்தத்தையே பெரும்பாலும் தின்று அதனால் இறைச்சியின் மணமோ சுவையோ மாறிவிட்டால், சில நாள் கட்டிவைத்துச் சுத்தமான தீனி கொடுக்க வேண்டும். கறையான் அந்த வகையில்லை.

சரி, பூச்சியையே மனிதர் தின்னலாமா? வெட்டுக்கிளிக்கு மட்டும் தெளிவான அனுமதி இருக்கிறது. செத்தவற்றில் இரண்டு நமக்கு ஆகுமாக்கப்பட்டுள்ளன, அவை மீனும் வெட்டுக்கிளியும் என்ற கருத்தில் இப்னு மாஜாவில் ஹதீஸ் உண்டு. அறுக்கத் தேவையில்லை. ஏனைய பூச்சிகளை ஷாபிஈ, ஹனபி அறிஞர்கள் அருவருப்பானவை என்ற வகையில் வைத்துத் தடுக்கிறார்கள். மாலிகி மத்ஹபில் முறைப்படி கொன்றால் ஆகும் என்ற கருத்து உண்டு. வெட்டுக்கிளி என்று நாம் சொல்வதெல்லாம் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். 2020 வைகாசியில் குருணாகல் மாவட்டத்தில் பெருகி மரங்களை மொட்டையடித்த மஞ்சட்புள்ளி வெட்டுக்கிளி, பாலைவனத்துக் கூட்ட வெட்டுக்கிளி அல்ல. தொட்டால் கசப்பான நுரையைக் கக்கும் இனம் அது.

பூச்சி விடயத்தில் பழைய பிக்ஹு அறிஞர்கள் பிடித்த அளவுகோல் இரத்தம். ஓடும் இரத்தம் உள்ளவை, இல்லாதவை என்று பிரித்தார்கள். ஈயோ எறும்போ தண்ணீரில் விழுந்து செத்தால் அத்தண்ணீர் அதனால் அசுத்தமாகிவிடாது என்ற சட்டம் இதிலிருந்து வருவது. பழத்துக்குள்ளேயே உண்டான புழு பழத்தோடு சேர்ந்து வாய்க்குள் போய்விட்டால் குற்றமில்லை, தனியே எடுத்துத் தின்னக்கூடாது என்றும் ஷாபிஈ நூல்களில் இருக்கிறது. அரிசியில் வண்டு பொறுக்கும் உம்மாமாருக்கு இது ஆறுதலாக இருக்கும். அரிஸ்டோட்டிலும் விலங்குகளை இரத்தமுள்ளவை, இரத்தமற்றவை என்றுதான் பிரித்தார். பூச்சிக்கு நம்மைப்போல் நாளத்தில் ஓடும் சிவப்பு இரத்தம் இல்லை. உடற்குழியில் ஒரு நீர்மம் நிறைந்திருக்கும், காற்று தனிக் குழாய்களால் உள்ளே போகும். நுளம்பை அடித்தால் கையில் படும் சிவப்பு நம்முடையதே.

தொல்காப்பியத்தின் மரபியல் பிடித்த அளவுகோல் அறிவு. கறையானுக்கும் எறும்புக்கும் மூன்றறிவு, நண்டுக்கும் தும்பிக்கும் நான்கறிவு என்று அது வகுக்கிறது. நண்டையும் தும்பியையும் சேர்த்து வைத்தது எனக்குப் பிடித்தமான இடம். இன்றைய விலங்கியலிலும் அவை இரண்டும் ஆத்திரப்போடா என்ற ஒரே கணம். தொல்காப்பியர் கால்களை எண்ணிப் பார்த்தார் என்று நான் சொல்ல வரவில்லை, அவர் எண்ணியது புலன்களை.

இந்த நண்டுதான் நம்மைச் சமையலறைக்குத் திரும்பக் கூட்டிப்போகிறது. இறாலும் நண்டும் பூச்சிகளும் மிக நெருங்கிய உறவு. ஓடுடைய அந்தக் கடலுயிர்களின் பெரிய குடும்பத்திலிருந்து தரைக்கு வந்த ஒரு கிளையே பூச்சிகள் என்று பரம்பரையலகு ஆய்வுகள் காட்டுகின்றன. இறாலை ருசித்துத் தின்றுவிட்டுக் கறையானுக்கு ஓங்காளிக்கிறோம்! பிக்ஹிலும் இறால் ஒரு வாதப்பொருளாக இருந்தது. கடலுயிர்களில் மீன் மட்டுமே ஆகும் என்னும் ஹனபி அறிஞர்களிடையே, இறால் மீனா இல்லையா என்று இந்தியாவில் நீண்ட விவாதம் நடந்தது. ஷாபிஈகளாகிய நமக்கு அந்தச் சிக்கல் இறாலில் இல்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இங்கேதான். இறால், நண்டு தின்றால் உடம்பு தடித்து மூச்சு முட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஒவ்வாமையை உண்டாக்கும் துரோப்போமயோசின் என்ற தசைப் புரதம் பூச்சிகளிலும் ஏறக்குறைய அதே வடிவில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் மாப்புழுவை உணவாக அனுமதித்தபோது, ஓடுடைய கடலுணவு ஒவ்வாதவர்களுக்கு எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்றும் விதித்தது. அங்கே சட்டப்படி பூச்சி இறைச்சி அல்ல, புதுவகை உணவு என்ற தலைப்பில் வருகிறது. சிங்கப்பூர் 2024 ஜூலையில் 16 பூச்சியினங்களை உணவுக்கு அனுமதித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பொதியில் புரத பிஸ்கற்று இருந்தால் லேபலை ஒருமுறை வாசியுங்கள்.

இந்தியாவில் சட்டம் வேறு விதம். அங்கே 2020இல் வந்த உணவு லேபல் விதிகளில், பூச்சி சேர்ந்த உணவு சைவமல்லாத உணவு. ஆனால் தேனுக்கும் தேன்மெழுகுக்கும் அரக்குக்கும் விலக்கு உண்டு. அரக்கு என்பது ஒரு சிறு பூச்சி மரக்கிளையில் சுரந்து வைப்பது. மிட்டாய்க்குப் பளபளப்புக் கொடுக்க அதைப் பூசுவார்கள். நம் கடைகளில் விற்கும் இந்தியப் பண்டங்களில் பச்சைப் புள்ளியைக் கண்டால், பூச்சியிலிருந்து எதுவுமே இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நமக்கு முக்கியமானது ஈ 120. இது ஆங்கில எழுத்து, நம் தமிழ் ஈ அல்ல. ஆனாலும் பொருத்தமாகத்தான் அமைந்துவிட்டது. கார்மைன் என்றும் கொச்சினீல் என்றும் எழுதியிருப்பார்கள். பெரு நாட்டில் கள்ளிச்செடியில் வாழும் சிறு பூச்சியை உலர்த்தி எடுக்கும் சிவப்புச் சாயம். ஒரு கிலோ சாயத்துக்கு ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகள் வேண்டும். யோகட், இனிப்பு, உதட்டுச்சாயம் முதலியவற்றில் வரலாம். இந்தோனேசிய உலமா சபை 2011இல் இதனை ஆகும் என்று தீர்ப்பளித்தது. ஷாபிஈ மத்ஹபின் பெரும்பாலான அறிஞர்கள் ஆகாது என்கிறார்கள். வீட்டில் என்ன செய்வது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். ஆனால் அவரிடம் கேட்பதற்கு முன், சிவப்பு எதிலிருந்து வந்தது என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். லேபலின் சிறு எழுத்தை வாசிப்பதும் விஞ்ஞான பாடம்தான்.

அன்று அந்தியில் நாங்கள் புறப்பட்டபோது விறாந்தை விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்திருந்தது. கோழிகள் அடைந்துவிட்டன, சுவரில் பல்லிகளுக்குப் பெருநாள். மாணவியர் குறிப்பேட்டில் அன்றைய அட்டவணையை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். பேத்தி தானும் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன். கோழி: எல்லாம் தின்னும். பல்லி: பூச்சி தின்னும். கறையான்: வேலி தின்னும். அப்பம்மா: விரதம்.